அழுகிற அம்மாவும் அசராத அப்பாவும்

கேள்வி: அக்கா, எங்களுக்குப் பாம்பன் பக்கம். அப்பாவுக்கு 56 வயது, சொந்தமாக விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறார். சுகர் வந்து 12 வருஷம், ஊசி போட ஆரம்பித்து மூன்று வருஷம். ஒரு நாள்கூட அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, "கடலையே பார்த்தவனுக்கு இந்தச் சுகர் என்ன பெரிசு" என்பார். போன மாசம் பார்த்ததில் சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. ஒருமுறை வலை இழுக்கும்போது வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்துவிட்டது, அதிலிருந்து கடலுக்குப் போகிற நாளில் ஊசியைப் பாதியாக்கிவிடுவார், சில நாள் போடுவதே இல்லை. இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்று படகுகளெல்லாம் கரையில் நிற்பதால் வீட்டில்தான் இருக்கிறார். அம்மாவுக்கு ஆறு வருஷமாக முடக்குவாதம். கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. எந்நேரமும் அழுகை, "என்ன பாவம் பண்ணினேனோ" என்று. ஆனால் மாத்திரை தவறாது, ரத்தப் பரிசோதனை தவறாது. வீக்கம் குறைந்திருக்கிறது, ரத்தத்தில் அழற்சி அளவும் இறங்கியிருக்கிறது என்று போன முறை சொன்னார்கள். சவூதியில் இருக்கிற அக்கா வீட்டுக்காரர் தினமும் வீடியோ அனுப்புகிறார், மனசுதான் நோயை வளர்க்கிறது, தைரியமாக இருந்தால் எந்த நோயும் ஓடிவிடும் என்று. அப்படியானால் தைரியமான அப்பாவுக்கு ஏன் முற்றுகிறது, அழுகிற அம்மாவுக்கு ஏன் அடங்குகிறது? அம்மாவின் குணத்தை எப்படி மாற்றுவது? இரண்டு பேருக்கும் நடுவில் நான் போலீஸ் மாதிரி நிற்கிறேன்.

பதில்:

தங்கச்சி, மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் காலைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் அவசரம். சுகர் உள்ளவருக்குப் பாதத்தில் மூன்று வாரமாக ஆறாத புண் என்பது, அடுத்த மாசம் செக்கப்புக்குப் போகும்போது அப்படியே காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளுகிற விஷயம் கிடையாது. இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்களுக்கு வசதியான வேறு இடத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். சுற்றித் தோல் சிவந்தாலோ கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போங்கள். வலி இல்லையே என்று அப்பா சொல்வார். வலி தெரியாததுதான் பிரச்சினை, நரம்பு மரத்துப்போனதால் வலிக்கவில்லை. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற சின்னச் சோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெறுங்காலோடு சுடுமணலிலும் சிப்பியிலும் நடந்து பழகிய கால், குத்தினால்கூடத் தெரியாத நிலைமையில் இருந்தால் தினமும் ராத்திரி யாராவது ஒருத்தர் உள்ளங்காலைப் பார்த்தே ஆகவேண்டும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. நீண்டகால நோயோடு இருப்பவர்கள் அதைச் சமாளிக்கிற விதங்களை உளவியலில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருத்தர் விவரம் தேடுவார், ஒருத்தர் ஒன்றுமே இல்லாதது போல நடந்துகொள்வார், ஒருத்தர் அழுவார், ஒருத்தர் சாமியிடம் விட்டுவிடுவார், பெரும்பாலானவர்கள் இதையெல்லாம் கலந்து செய்வார்கள். ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள், பிரச்சினையையே கையில் எடுத்துச் சரிசெய்யப் பார்ப்பது ஒன்று, பிரச்சினையால் வருகிற மனவேதனையைத் தணித்துக்கொள்வது இன்னொன்று. இதில் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த நேரத்தில், எந்த நிலைமையில் என்பதைப் பொறுத்தது என்றார்கள்.

உங்கள் அக்கா வீட்டுக்காரர் அனுப்பும் வீடியோக்களுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1979-இல் லண்டனில் மார்பகப் புற்றுநோய் வந்த 69 பெண்களைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியானது. போராடுவேன் என்று நின்றவர்களும், எனக்கு ஒன்றுமில்லை என்று மறுத்தவர்களும், விதியே என்று ஏற்றுக்கொண்டவர்களையும் நம்பிக்கை இழந்தவர்களையும் விட நன்றாக இருந்தார்கள் என்று அதில் வந்தது. உலகம் முழுக்க அது பரவிவிட்டது, போராட்டக் குணம் உயிரைக் காக்கும் என்று. அதற்குப் பிறகு வந்ததை யாரும் வீடியோ போடுவதில்லை. 1999-இல் 578 பெண்களை வைத்து ஐந்து வருஷம் பார்த்தபோது போராட்டக் குணத்தால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் "இனி ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் முடிந்தது" என்று கைவிட்ட நிலையில் இருந்தவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மோசமாகத்தான் இருந்தது. 2002-இல் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள், சமாளிக்கும் பாணி புற்றுநோயில் உயிர்பிழைப்பதையோ நோய் திரும்புவதையோ பெரிதாகத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்றுதான் முடித்தார்கள். எனக்கு இந்த வீடியோக்கள் மேல் இருக்கிற கோபமும் இதனால்தான். நன்றாக இருப்பவனுக்கு அது உற்சாகம் கொடுக்கும், சரி. நோய் முற்றியவனிடம் போய் அதைச் சொன்னால் "உனக்குத் தைரியம் பத்தவில்லை, அதனால்தான் இப்படி" என்று குற்றம் சாட்டுவது மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் அம்மாவிடம் அதைத்தானே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

அதற்காக மனசுக்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதற்றத்திலும் கோபத்திலும் அட்ரினலினும் கார்டிசாலும் ஏறும், அவை ஈரலில் இருக்கிற சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், சுகர் ஏறும். மூட்டு வலி உள்ளவர் ராத்திரி தூங்காமல் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் காலையில் வலி கூடுதலாகத்தான் தெரியும். இந்த வழி உண்மை. ஆனால் நான் கிளினிக்கில் நேரில் பார்க்கிற வரைக்கும், சமாளிக்கிற பாணி நோயை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இன்னொரு வழியாக. அந்தப் பாணி ஒருத்தரை என்ன செய்ய வைக்கிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதுதான் அந்த வழி. மாத்திரை போட்டாரா, ஊசியை அளவாகப் போட்டாரா, டெஸ்டுக்குப் போனாரா, புண்ணை யாரிடமாவது காட்டினாரா, உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்து சொன்னாரா. உங்கள் அம்மா அழுதுகொண்டே மாத்திரையைப் போடுகிறார். அப்பா சிரித்துக்கொண்டே ஊசியைத் தள்ளிப்போடுகிறார். முடக்குவாதத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் அழுகையும் சிரிப்பும் தெரியாது தங்கச்சி, மருந்து உள்ளே போனதா இல்லையா என்பதுதான் தெரியும். இரண்டும் வேறு வேறு நோய், அதனதன் போக்கும் உண்டு, அதை மறக்கவேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் இங்கேதான் இருக்கிறது.

அப்பாவைப் போன்றவர்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு, 1987-இல் வந்தது. இதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று மறுக்கிறவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த நாட்களே இருந்தார்கள், அங்கே இருக்கும்வரை இதயமும் மற்றவர்களைவிட ஒழுங்காக இருந்தது. பயம் இல்லாததன் லாபம் அது. வீட்டுக்குப் போன பிறகு அப்படியே தலைகீழ். அடுத்த ஒரு வருஷத்தில் டாக்டர் சொன்னதைக் கேட்காதவர்களும் அவர்கள்தான், திரும்ப ஆஸ்பத்திரியில் அதிக நாள் படுத்தவர்களும் அவர்கள்தான். முதல் அதிர்ச்சியில் ஒருத்தரைத் தாங்கிப் பிடிக்கிற அதே குணம், வருஷக்கணக்கில் இழுக்கிற நோயில் காலை வாரிவிடுகிறது. 12 வருஷத்துக்கு முன்னால் சுகர் என்று சொன்ன அன்றைக்கு அப்பா அலட்டிக்கொள்ளாமல் மறுநாளே கடலுக்குப் போனது, குடும்பத்துக்கு அன்றைக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்கும் அதே முகத்தோடு நிற்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவுக்காக நான் வாதாடுவேன். ஊசியைப் பாதியாக்குவதை நீங்கள் அலட்சியக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் பயந்திருக்கிறார். நடுக்கடலில், கையில் வலைக்கயிறு, கண் இருட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்டினால் விழுவது தண்ணீரில், அது அவருக்குத் தெரியும். சுகர் ஏறினால் கரையில் எப்போதோ நடக்கிற கேடு, இறங்கினால் கடலில் இப்போதே சாவு. இந்த இரண்டில் எதைத் தவிர்ப்பது என்று ஒரு மீனவர் கணக்குப் போட்டு ஊசியைக் குறைத்தால் அது முட்டாள்தனம் கிடையாது. அந்தக் கணக்கை டாக்டரிடம் சொல்லாமல் தானாகவே முடித்துக்கொண்டதுதான் தப்பு. இன்னொன்று, புரதம் போகிற சிறுநீரகம் பலவீனமாகிக்கொண்டே போகும்போது இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், பழைய அளவே தாழ்சர்க்கரையைக் கொண்டுவரலாம். அதனால் அவருடைய பயத்தில் உண்மையும் இருக்கலாம். "ஏன்ப்பா ஊசி போடல" என்று கேட்டால் அவர் ஜோக் அடிப்பார். "அன்னைக்குக் கடல்ல மயக்கம் வந்துச்சே, அப்ப என்ன ஆச்சு, பக்கத்துல யாரு இருந்தா" என்று கேட்டுப் பாருங்கள். கதையாகச் சொல்ல ஆரம்பித்தால் அப்படியே விடுங்கள், நடுவில் அறிவுரை நுழைய வேண்டாம்.

தடைக்காலம் இருக்கிறதே, ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, அந்த 61 நாளை விட நல்ல நேரம் இதற்குக் கிடைக்காது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் சாதாரணமாக "சுகர் ஜாஸ்தி" என்று சொல்லாமல், எத்தனை மணிக்கு இறங்குவார், எத்தனை மணிக்குத் திரும்புவார், படகில் என்ன சாப்பிடுவார், எப்போது வலை இழுக்கிற கடுமையான வேலை வரும் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கடலுக்குப் போகிற நாளுக்கு ஓர் அளவு, கரையில் இருக்கிற நாளுக்கு ஓர் அளவு என்று டாக்டரால் பிரித்துக் கொடுக்க முடியும். படகில் சர்க்கரையோ குளுக்கோஸோ பிளாஸ்டிக் டப்பாவில் நனையாமல் இருக்கட்டும். மயக்கம் வருவது மாதிரி தெரிந்தால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிஷம் உட்கார வேண்டும், சரியாகாவிட்டால் திரும்ப ஒருமுறை. நம் ஆட்கள் கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டு போவார்கள், கடலையில் இருக்கிற எண்ணெய்ச் சத்தால் அது மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு உதவாது. அப்புறம் இன்சுலினை மீன் ஐஸ் பெட்டியில் போடக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது, பார்க்க நன்றாகவே இருக்கலாம். கூடப் போகிற ஆள் ஒருவருக்காவது இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். அப்பா கௌரவம் பார்ப்பார், "எனக்குச் சுகர்னு ஊருக்கே சொல்லணுமா" என்பார். ஊருக்கு வேண்டாம், படகில் இருப்பவருக்கு மட்டும் போதும்.

சாராயம், கட்டிங் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஊசியும் போட்டால் சுகர் அபாயமாக இறங்கும் என்பதை மட்டும் அவர் காதில் போட்டு வையுங்கள். உடம்பு வலிக்கிறதென்று அம்மாவின் டப்பாவிலிருந்து வலி மாத்திரை எடுத்துப் போடுகிறாரா என்றும் பாருங்கள். புரதம் போகிற சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரைகள் ஆகாது.

அவரிடம் எப்படிப் பேசுவது என்றால், பயமுறுத்திப் பேசுவது இந்த மாதிரி ஆட்களிடம் எடுபடாது. கால் போய்விடும், டயாலிசிஸ் ஆகிவிடும் என்று சொல்லச் சொல்ல அவர் ஜோக் இன்னும் பெரிதாகும், பயம் கூடும்போது மறுப்பும் கூடும். அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்லுங்கள். என்ஜின் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறதென்று ஆயில் பார்க்காமல் அவர் படகை இறக்குவாரா? சுகரும் ரத்த அழுத்தமும் சத்தம் போடாமல் கெடுக்கிறவை. தன் உடம்பில் என்ன நடக்கிறதென்று தனக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களை வைத்து 1985-இல் செய்த ஓர் ஆய்வில் இதை அழகாகக் காட்டினார்கள். பிரஷர் ஏறினால் ஆளுக்குத் தெரியாது என்று பொதுவாக ஒத்துக்கொண்ட அதே ஆட்கள், "எனக்கு மட்டும் தெரியும்" என்றும் சொன்னார்கள். தலைவலித்தால் மாத்திரை, வலிக்காவிட்டால் இல்லை என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அந்தக் கூட்டம்தான். அதனால் அவர் கையிலேயே குளுக்கோமீட்டரைக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் குத்திப் பார்க்கவேண்டாம். எண் தெரிந்தால் அவரே அதோடு மல்லுக்கட்டட்டும், அசராத குணத்துக்கு ஒரு வேலை கிடைக்கும். 2000-இல் வெளியான பிரிட்டனின் பெரிய சர்க்கரை நோய் ஆய்வில், HbA1c என்கிற மூன்று மாதச் சுகர் சராசரியில் ஒரு சதவீதம் குறைந்தாலே கண், சிறுநீரகம் மாதிரியான நுண்குழாய்ப் பாதிப்புகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தன. பத்திலிருந்து ஒன்பதுக்கு இறக்கினாலும் அது லாபம்தான் என்று சொல்லுங்கள், ஆறரை என்று எட்ட முடியாத எண்ணைக் காட்டி ஆளை விரட்டவேண்டாம்.

அம்மாவின் குணத்தை மாற்றவேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இருபது வருஷம், முப்பது வருஷம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி அறுத்த கை அது, குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்த கை. இன்றைக்குச் சட்டை பட்டனைக்கூடப் போட முடியவில்லை என்றால் அழாமல் என்ன செய்வார்? அந்த அழுகை முடக்குவாதத்தைக் கொண்டுவரவில்லை. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குகிற நோய், இதை அம்மாவிடம் நீங்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்களா? "அழுதழுதே நோயை வளத்துக்கிட்ட" என்று இனி வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து.

எனக்கு உறுத்துவது அழுகையைவிட அந்தப் "பாவம் பண்ணினேனோ". கோயிலுக்கோ மாதாவிடமோ தர்காவுக்கோ போய் அழுதுவிட்டு மனசு லேசாகி வருகிறவர்களுக்கு அது நல்ல துணை, நான் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் கென்னத் பார்கமென்ட் என்கிற உளவியலாளர், நோயில் விழுந்த முதியவர்களைப் பின்தொடர்ந்து 2001-இல் ஒன்று எழுதினார், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு ஓரளவு அதிகமாக இருந்தது. அதே பக்தி, இரண்டு விதமான பலன். அதனால் கோயிலுக்குப் போகட்டும், கூடவே அவர் மதிக்கிற ஒரு சாமியாரோ மூத்தவரோ "இது தண்டனை இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம். ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

எது சாதாரண அழுகை, எது மனச்சோர்வு நோய் என்பதை மட்டும் கவனிக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது, பேரன் வந்தால்கூட முகம் மலரவில்லை என்றால் அதற்கு வைத்தியம் தேவை. மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாமல் விடுவது மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2000-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது, அதாவது இன்றைக்கு ஒழுங்காக மாத்திரை போடும் அம்மா நாளைக்கு "போட்டு என்ன ஆகப்போகிறது" என்று நிறுத்திவிடக்கூடும். "செத்தாத் தேவலை" என்று சொன்னால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள், நிஜமாகவே அப்படித் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. 14416 என்கிற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். வலிக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற இயன்முறை உதவி உண்டு, உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் விசாரியுங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டு, அப்புறம் வேலையைப் பிரித்துக் கொடுங்கள், ஒரேயடியாக "நீ உட்காரும்மா" என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவதுதான் அந்த நம்பிக்கையிழப்புக்குத் தீனி. அம்மா சாப்பிடுவது வாரத்துக்கு ஒருமுறை போடுகிற மாத்திரையாக இருந்தால், எந்தக் கிழமை என்று டப்பாவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தவறுதலாகத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் போலீஸாக நிற்பதும் ஒரு சமாளிப்புதான், தங்கச்சி. பயத்தை நீங்கள் கண்காணிப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அதன் விளைவு, அப்பா உங்களுக்குத் தெரியாமல் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்வார். வாரத்தில் ஒரு நாள், அவருடைய நோட்டில் இருக்கிற எண்களைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், மற்ற ஆறு நாள் கேட்காதீர்கள். கஷ்டம்தான், செய்து பாருங்கள்.

அக்கா வீட்டுக்காரரிடம் சண்டை போடவேண்டாம், அவரும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறார். குளுக்கோமீட்டருக்கு மாசாமாசம் ஸ்ட்ரிப் வாங்கவே நல்ல காசு ஆகும். அந்தச் செலவை அவர் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று அக்கா மூலமாகக் கேட்டுப் பாருங்கள்.